ஜன்னலா, எக்ஸாஸ்ட் ஃபேனா, புறஊதா விளக்கா?

காசநோய்க் கிருமி காற்றில் மிதந்து பரவும். அந்தக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு புறநோயாளிகள் அறையில் நில்லுங்கள். புகை மருத்துவரிடமிருந்து நோயாளியின் பக்கம் போனால் நல்லது. நோயாளியின் பக்கமிருந்து மருத்துவரின் மூக்குக்கு வந்தால், செலவில்லாத முதல் வேலை நாற்காலிகளை இடம் மாற்றுவது. காசநோய்த் தொற்றைத் தடுக்க எதை வாங்குவது என்ற வாக்குவாதம் அதற்குப் பிறகுதான்.

திருநெல்வேலிச் சீமையில் என் ஓட்டு ஜன்னலுக்கு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று மேசையில் ஒரு சீட்டைத் தங்கவிடாது. பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து 2007இல் வெளியான ஆய்வில், கதவு ஜன்னல்களைத் திறந்தபோது அறைக்காற்று மணிக்குச் சுமார் 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டத்துக்குச் சொல்லப்படும் அளவே 12தான். உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்கள் புதியவற்றை அங்கே தோற்கடித்தன. மணிக்கு 12 முறை மாறினால் காற்றில் மிதக்கும் கிருமிகளில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். 2 முறைதான் என்றால் 138 நிமிடம். அதற்குள் எத்தனை பேர் அந்த முக்காலியில் உட்கார்ந்து எழுவார்கள்!

ஆனால் சித்திரையில் இலை அசையாது, ஐப்பசியில் சாரல் உள்ளே அடிக்கும், இரவில் கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள். அப்போது எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால், மணிக்கு 12 முறை காற்று மாற, அது நிமிடத்துக்கு 240 கன அடி காற்றை இழுக்க வேண்டும். நான் பார்த்த ஒரு சிகிச்சையகத்தில் திறந்த ஜன்னலுக்கு நேர் மேலேயே அதைப் பொருத்தியிருந்தார்கள். ஜன்னலில் நுழைந்த காற்று அப்படியே ஃபேன் வழியே திரும்பிப் போனது. நோயாளி இருமிய மூலையில் ஊதுபத்திப் புகை அசையவே இல்லை. எதிர்ச்சுவரில் வைத்திருக்க வேண்டும். ஏசி பற்றி ஒரே வரி: சாதாரண ஸ்பிளிட் ஏசி அதே பழைய காற்றைத்தான் குளிர்வித்துத் தருகிறது.

புறஊதா விளக்கு பொய்யில்லை. தலைக்கு மேலே எரிந்து, கீழிருந்து ஏறிவரும் காற்றிலுள்ள கிருமியைக் கொல்லும். ஆனால் கூரை தாழ்வாக இருந்தால் கண்ணைப் பதம்பார்க்கும், குழாயில் தூசி படிந்தால் வலுவிழக்கும், ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினாலும் அப்படித்தான். குற்றாலச் சாரலில் ஜன்னலைச் சாத்திவிட்டு இதை நம்பியிருப்பவர்கள் யோசிக்க வேண்டும். துடைக்க ஆள் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

என்-95 முகக்கவசம் ஊழியருக்கு. இருமுபவருக்குச் சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் போதும். பரிசோதனைக்குச் சளி எடுப்பதைக் கழிப்பறையிலிருந்து வேப்பமரத்தடிக்கு மாற்றச் செலவே கிடையாது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, வரிசையில் இருமுபவரைக் கண்டுபிடிப்பது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுபவர்களில் இருமலைப் புகையிலைத் தூசி என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி இரண்டு வாரமாக இருமிய ஒரு பாட்டியைச் செவிலியர் முன்னால் அழைத்தபோது, பின்னால் நின்றவர் சத்தம் போட்டார். “அவர்கள் முதலில் போவது உங்களுக்குத்தான் நல்லது, அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, செவிலியர் பாட்டியை மரத்தடிக்கு அழைத்துப் போனார்.