நேரில் கேட்பதா, எழுத்தில் கேட்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தெருக் கூட்டத்தில் எப்போதும் இதே சண்டைதான்: போலீஸ் அமைச்சரிடம் எம்.பி. வழியாக எப்படிக் கேட்பது? கேப் டவுன் நாடாளுமன்ற அவையில் எம்.பி. நேரில் கேட்டால் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம், டிவியிலும் பார்க்கலாம். ஆனால் "விசாரிக்கிறோம்" என்று நழுவ அமைச்சருக்கும் வழி உண்டு.

எழுத்துக் கேள்விக்கு 10 வேலை நாள் கெடு. தாமதமாவதும் உண்டு, அது வேறு கதை. ஆனால் கைக்கு வருவது காகிதம். நம் ஸ்டேஷனுக்கு எத்தனை வண்டி, அதில் ஓடுவது எத்தனை, ஒரு துப்பறிவாளர் கையில் எத்தனை கோப்பு என்று கேட்டு வாங்கலாம். அதை மடித்துப் பையில் வைத்துப் போய், போலீசும் ஊர் மக்களும் சேர்ந்து பேசும் சமூகக் காவல் மன்றக் கூட்டத்தில் ஸ்டேஷன் கமாண்டர் முன் விரிக்கலாம். "வண்டி இல்லம்மா" என்று நள்ளிரவில் போனில் கேட்டுச் சலித்த எனக்கு எழுத்துதான். கொள்கை பற்றிய கேள்விக்கு மட்டும் நேரில்.