ஐபி மெசஞ்சர்: சர்வர் இல்லாமலே அரட்டை

எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் கலந்து இருக்கின்றன. அடுத்த மேசைக்கு இரண்டு வரி அனுப்ப, செய்தி இணையம் வரை போய்த் திரும்புவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அதற்காகப் போட்டதுதான் ஐபி மெசஞ்சர், ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் நேரடியாகச் செய்தியும் ஃபைலும் அனுப்பிக்கொள்ள உதவும் மென்பொருள். இன்றுவரை அதை எடுக்கத் தோன்றவில்லை.

1996-இல் ஜப்பானில் பிறந்த மென்பொருள். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடைக்கிறது. சர்வர் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். திறந்ததும் "நான் வந்துவிட்டேன்" என்று நெட்வொர்க் முழுக்க ஒரு யூடிபி பிராட்காஸ்ட் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும் அறிவிப்பு) போகும். இதே மென்பொருள் ஓடும் மற்ற கணினிகள் பதில் சொல்லும், அந்தப் பெயர்கள் பட்டியலில் வந்து நிற்கும். செய்தியின் கட்டமைப்பும் எளிது: பதிப்பு எண், பாக்கெட் எண், பயனர் பெயர், கணினியின் பெயர், கட்டளை எண், கடைசியில் செய்தி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முக்காற்புள்ளி (:), அவ்வளவுதான். லினக்ஸில் இருக்கும் ஐப்டக்ஸ் என்ற மென்பொருள் இதே நெறிமுறையைப் பேசுவதால் அந்தக் கணினிகளும் பட்டியலில் வந்துவிடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 'சீல்' வசதி. பெறுபவர் பொத்தானை அழுத்தித் திறந்தால்தான் செய்தி தெரியும், திறந்ததும் அனுப்பியவருக்குத் தகவல் வரும். "ஃபைல் சர்வரை ரீஸ்டார்ட் செய்யப் போகிறேன், வேலையைச் சேவ் செய்துகொள்ளுங்கள்" என்று எல்லோருக்கும் சீல் வைத்து அனுப்புவேன். யார் யார் திறந்தார்கள் என்று பார்த்த பிறகுதான் சர்வரில் கை வைப்பேன். பெரிய சாட் செயலிகளில்கூட இவ்வளவு நேரடியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பட்டியல் காலியாக இருந்தால் முதலில் கணினியின் ஃபயர்வாலை (தேவையில்லாத தொடர்புகளைத் தடுக்கும் காவல் அமைப்பை) பாருங்கள். ஐபி மெசஞ்சர் பயன்படுத்தும் 2425 போர்ட்டை (தகவல் வந்துபோகும் வாசலை) யூடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும்; செய்திக்கு யூடிபி, ஃபைலுக்கு டிசிபி. செய்தி போகிறது, ஃபைல் மட்டும் போகவில்லை என்றால் பெரும்பாலும் டிசிபி அடைபட்டிருக்கும். வைஃபையில் ஒரு கணினி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரில் ஐசொலேஷன் போட்டிருந்தாலும் பட்டியல் காலியாகவே இருக்கும். வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் இன்னொரு பிரிவில்) இருப்பவர்கள் தானாகத் தெரிய மாட்டார்கள், ஏனென்றால் பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. அந்த சப்நெட்டின் பிராட்காஸ்ட் முகவரியை, உதாரணமாக 192.168.2.255, செட்டிங்ஸில் சேர்த்துவிட்டால், ரவுட்டர் அதைத் தடுக்காதவரை சரியாகிவிடும்.

தோற்றம் பழசுதான், அது எனக்குப் பொருட்டில்லை. ஆனால் குழு அரட்டைக்கு நிரந்தர அறைகள் கிடையாது. பல பேரைத் தேர்ந்தெடுத்து ஒரே செய்தியை அனுப்பலாம், அதோடு சரி. குழுவாகப் பேசுவதுதான் முக்கியம் என்றால் பீபீப் (BeeBEEP) என்ற மென்பொருளைப் பாருங்கள். அதற்கும் சர்வர் தேவையில்லை, மூன்று இயங்குதளங்களிலும் ஓடும்.

இன்னொன்று, பயனர் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். இந்த நெறிமுறையைப் பேசும் எல்லா மென்பொருள்களும் செய்தியை ஒரே மாதிரி என்க்ரிப்ட் செய்வதும் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவதும்) இல்லை. அதனால் பாஸ்வேர்டை மட்டும் இதில் அனுப்பவே கூடாது என்று எங்கள் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.