ஒமாஹாவா, டி மோயினா?

அமெரிக்காவில், ஐ-80 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேர இடைவெளியில் இருக்கும் ஊர்கள்: ஒமாஹா நெப்ராஸ்கா மாநிலத்தில், டி மோயின் அயோவா மாநிலத்தில். இரண்டிலும் வேலை கிடைத்தவர்களுக்குத்தான் குழப்பம்.

அளவு: 2020 கணக்கெடுப்பில் ஒமாஹா 4.86 லட்சம் பேர். டி மோயின் 2.14 லட்சம்.

வேலை: டி மோயின் அயோவாவின் தலைநகரம். அரசு அலுவலகம், அப்புறம் இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ். ஒமாஹாவிலும் இன்சூரன்ஸ் உண்டு. கூடவே யூனியன் பசிபிக் ரயில்வே, வாரன் பஃபெட் வளர்த்த முதலீட்டு நிறுவனம் பெர்க்‌ஷயர் ஹாத்வே.

வரி: அயோவாவில் 2025 முதல் மாநில வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 3.8 சதவீதம். நெப்ராஸ்காவில் சம்பளம் ஏறினால் வரியும் ஏறும். வீட்டு வரி இரண்டு பக்கமும் கடிக்கும்.

குளிர்: தப்பிக்க வழியில்லை. ஆனால் டி மோயின் நகர மையத்தில் கட்டடங்களை இணைக்கும் கண்ணாடிப் பாலங்கள் சுமார் 4 மைல் நீளம். ஜனவரியில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வரலாம். எனக்கு இது ஒன்றே போதும்.

பொழுதுபோக்கு: ஆகஸ்டில் அயோவா மாநிலக் கண்காட்சி, வெண்ணெயில் செய்த முழு உருவப் பசு. ஒமாஹாவில் ஜூனில் கல்லூரி பேஸ்பால் இறுதிச் சுற்று, ஆண்டு முழுக்க ஹென்றி டோர்லி மிருகக்காட்சி சாலை. குழந்தைகள் இருந்தால் ஒமாஹா.

வேலை மாறிக்கொண்டே இருப்பவருக்கும் ஒமாஹாதான் சரி. இன்சூரன்ஸ் துறையிலேயே நிலைக்கப் போகிறவர், நெரிசல் பிடிக்காதவர் டி மோயினுக்குப் போகலாம்.