தறிச் சத்தம்: காதுக்குப் பஞ்சா, ஃபோமா, சிலிக்கானா, காதுமூடியா?

சேலம் பக்கம் இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், அம்மாபேட்டை எங்கே போனாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். நாடா (ஊடு நூலைச் சுமந்து குறுக்கே பாயும் கட்டை) ஓடும் பழைய தறிக்கூடத்துக்குள் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அளக்கக் கருவி இல்லையா? கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதித்தன. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையோஷ் (NIOSH) 85-தான் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான் நிற்கலாம். நம் ஊரில் ஒரு ஷிப்டே 12 மணி நேரம்!

சரி, காதில் எதை வைப்பது? பலர் கையில் கிடைத்த பஞ்சையோ கழிவு நூலையோ திணித்துக்கொள்கிறார்கள். மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான். பஞ்சின் இடைவெளி வழியே சத்தம் தாராளமாக நுழையும். இதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

காதுத் துளைக்குள் செருகும் ஃபோம் பிளக் விலை மலிவு. அட்டையில் 30 டெசிபல் வரைகூடக் குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். ஆனால் அது ஆய்வகக் கணக்கு. நடைமுறையில் அதில் பாதியை மட்டும் நம்பச் சொல்கிறது நையோஷ். காரணம் மாட்டும் விதம்தான்: விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சி) மாற்றி, அறுந்த இழையை முடிந்து, எண்ணெய் பிசுக்கோடு இருக்கும் கையால் இதை எத்தனை தடவை செய்வது? அழுக்கு ஃபோம் காதில் புண்ணைத்தான் கொண்டுவரும்.

காது முழுவதையும் வெளியே மூடும் காதுமூடி (இயர்மஃப்) இதற்கு நேர்மாறு. தலையில் மாட்டினால் போதும், தப்பாக மாட்டுவது கடினம்; அட்டைக் கணக்கில் கால்வாசியைக் கழித்தால் போதும் என்கிறது அதே நையோஷ். பஞ்சாயத்து என்னவென்றால் சேலத்து வெயில். ஏப்ரல், மே மாதத்தில், சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியில், காதைச் சுற்றி வியர்வை ஊற, ஷிப்டு முழுக்க யார் போட்டிருப்பார்கள்? பத்து நிமிடம் உள்ளே வந்து போகும் மெக்கானிக்குக்கும் முதலாளிக்கும் காதுமூடி சரி. தறி ஓட்டுபவருக்குச் சரிப்படாது.

இங்கேதான் பலர் கோட்டைவிடுவது. 30 டெசிபல் தடுக்கும் கருவியை 8 மணி நேரத்தில் வெறும் அரை மணி கழற்றி வைத்தாலும், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். அதனால் நான் கேட்பது எவ்வளவு தடுக்கும் என்பதை அல்ல, எவ்வளவு நேரம் காதில் இருக்கும் என்பதை.

அந்த வகையில் தறி ஓட்டுபவருக்கு என் ஓட்டு கயிறு கோத்த சிலிக்கான் பிளக்குக்குத்தான். உருட்ட வேண்டாம்; தண்டைப் பிடித்துச் செருகலாம்; கழற்றினால் கழுத்தில் தொங்கும்; சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். காது அளவுக்குப் பொருந்தாவிட்டால் தடுப்பு வெகுவாகக் குறையும் என்பது உண்மை, ஆகவே இரண்டு மூன்று அளவில் வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். கயிறு மட்டும் நீளமாகத் தொங்கக் கூடாது, பெல்ட்டில் சிக்கும். அப்புறம், "தறிச் சத்தம் மாறுவதைக் கேட்டால்தானே கோளாறு தெரியும்" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பிளக் சத்தத்தை அடியோடு அறுப்பதில்லை, தாழ்த்துகிறது. சில நாளில் அந்தத் தாழ்ந்த சத்தமே பழகிவிடும்.

முதலாளிமார் இதை வாங்கிக் கொடுத்ததோடு கை கழுவிவிடக் கூடாது. நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்தால் மாற்றுவது, தறிக்காலுக்கு அடியில் ரப்பர் வைப்பது, ஆடும் போல்ட்டை முடுக்குவது எல்லாம் சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைக்கும். ஒரே மாதிரித் தறிகளில் பாதியைத் தனி அறைக்கு மாற்றினால் சுமார் 3 டெசிபல் இறங்கும். நையோஷ் கணக்கில் அது நிற்கும் நேரத்தை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

சத்தத்தால் போகும் காது முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் போகிறது. "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்பது அதன் அடையாளம். உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். ஷிப்டு முடிந்த கையோடு போக வேண்டாம். அப்போது காது தற்காலிகமாக மந்தித்திருக்கும், அளவு தப்பும். ஓர் இரவு சத்தமில்லாமல் தூங்கி எழுந்து, தறிக்குப் போகாமல் நேரே போங்கள்.