பெட்டிக்குள் ஒரு திரைப்பட விழா: பெர்க்மனோடு ஒரு ஜனவரி

ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் பிறந்து நூறு ஆண்டு ஆனதை ஒட்டி, 2018 நவம்பரில், உலகக் கலைப்படங்களை டிஸ்க்காக வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 'இங்மர் பெர்க்மன்ஸ் சினிமா' என்று ஒரு ப்ளூ-ரே பெட்டி வெளியிட்டது. 39 படங்கள், 30 டிஸ்க், 248 பக்கத்தில் ஒரு புத்தகம். சின்னப் பையன் தூக்கினால் தடுமாறுவான், அவ்வளவு கனம். இந்த ஜனவரி மாதம் முழுக்க என் ராத்திரிகள் இந்தப் பெட்டியோடுதான் போயின.

எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரு சவால் ஓடியது. ஜனவரி முடியும்வரை தினம் ஒரு பழைய கிளாசிக் அல்லது கலைப்படம் பார்க்க வேண்டும். பார்த்த கையோடு நாலு வரி குழுவில் எழுத வேண்டும். கதைச்சுருக்கம் எழுதக்கூடாது, மனசில் பட்டதை மட்டும்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் நாட்டுக்கு ஒன்றாக, இயக்குநருக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் ஒரே ஆளோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். 31 நாளில் 39 படம் என்றால் சில ராத்திரி இரண்டு படம் பார்த்தாக வேண்டும். நியூ ஜெர்சி ஜனவரியில் நாலரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் அதற்கு நேரம் கிடைத்தது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் போட்ட விலை 299.95 டாலர். அதைக் கொடுத்து வாங்க வேண்டாம். ஜூலையிலும் நவம்பரிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைகளில் கிரைட்டீரியன் டிஸ்க்குகளைப் பாதி விலைக்குத் தருவார்கள். அப்போது வாங்கினால் ஒரு படத்துக்கு நாலு டாலர்கூட ஆகாது. நான் நவம்பரில்தான் வாங்கினேன்.

இந்தப் பெட்டியின் பெரிய பலம் படங்களை அடுக்கிய வரிசை. 1946-இல் வந்த 'க்ரைசிஸ்' தொடங்கி 2003-இல் வந்த 'சரபாண்ட்' வரை ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அப்படி அடுக்கியிருந்தால் முதல் வாரமே நான் கைவிட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். பெர்க்மன் தன் பாணியைத் தேடிக்கொண்டிருந்த காலத்துப் படங்களை வரிசையாகப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். இவர்கள் முழுப் பெட்டியையும் ஒரு திரைப்பட விழா மாதிரி அமைத்திருக்கிறார்கள். தொடக்க இரவு, நடுவில் முக்கியக் காட்சிகள், சின்னப் படங்களை ஜோடி சேர்த்து இரட்டைக் காட்சிகள், கடைசியில் நிறைவு இரவு.

தொடக்க இரவுக்கு அவர்கள் வைத்திருப்பது 'ஸ்மைல்ஸ் ஆஃப் எ சம்மர் நைட்'. 1955-இல் வந்த நகைச்சுவைப் படம்! பெர்க்மன் என்றாலே சாவு, கடவுள், மௌனம் என்று பயந்து ஒதுங்குகிறவர்களை முதல் ராத்திரியே சிரிக்க வைத்துவிடுகிறார்கள். நடுவயது வக்கீல், அவருடைய இளம் மனைவி, அந்த மனைவியைக் காதலிக்கும் வக்கீலின் மகன், எல்லாரையும் ஆட்டிவைக்கும் நாடக நடிகை. பொத்தானை அமுக்கினால் பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தாண்டிக் கட்டில் நகர்ந்து வரும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்தப் படத்துக்கு 1956 கான் விழாவில் ஒரு விருது கிடைத்தது. அந்த வெற்றியின் தெம்பில்தான் தயாரிப்பாளர்கள் 'தி செவன்த் சீல்' எடுக்கச் சம்மதித்தார்கள். மரணத்தோடு சதுரங்கம் ஆடும் வீரனின் அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு சிரிப்புப் படம் இருக்கிறது என்பதை, இந்த வரிசையில் பார்த்ததால்தான் நான் உணர்ந்தேன்.

ஒரே ஆளோடு ஒரு மாதம் இருப்பதில் வேறொன்றும் நடக்கிறது. முகங்கள் பழகிவிடுகின்றன. பெர்க்மன் அதே நடிகர்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். முதல் ராத்திரி தெருக்குட்டையில் விழுந்து எழுந்த வக்கீல் குன்னார் பியோர்ன்ஸ்ட்ராண்ட், சில நாள் கழித்து 'செவன்த் சீல்' படத்தில் எதையும் நம்பாத பணியாளாக வருகிறார். அப்புறம் 'வின்டர் லைட்' படத்தில் ஜலதோஷத்தோடு பிரார்த்தனை நடத்தும் பாதிரியார். ஹாரியட் ஆண்டர்சன் 1953-இல் 'சம்மர் வித் மோனிகா'வில் கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார். பின்னணி மெல்ல இருண்டுபோக, அந்தப் பார்வை நம்மேல் நின்றுவிடுகிறது. அதே முகத்தை 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்' படத்தில், சிவப்புச் சுவர்களுக்கு நடுவே, வலியில் துடித்துச் சாகிறவளாகப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. தெரிந்த வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்கிற மாதிரி. இடையில் இருபது வருடம் ஓடியிருக்கிறது. எனக்கு அது இரண்டு வாரம்.

'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்' 1973-இல் ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக ஆறு பகுதிகளாக எடுத்தது. தொலைக்காட்சி வடிவம், திரையரங்குக்காகச் சுருக்கிய வடிவம் இரண்டுமே பெட்டியில் இருக்கின்றன. தயவுசெய்து ஆறு பகுதியையும் பாருங்கள். ராத்திரிக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் வேறொரு படத்துக்கும் இடம் இருக்கும். அதில் கணவன் மனைவியான யோஹானும் மரியானும் ஒருவரையொருவர் கிழித்துப்போடுகிறார்கள். அப்புறம் முப்பது வருடம் கழித்து, 2003-இல், அதே லிவ் உல்மன், அதே எர்லண்ட் யோசஃப்சன், அதே பெயர்களில் 'சரபாண்ட்'. தோல் சுருங்கி, கை நடுங்கி, ஆனால் சண்டைக்குத் தயாராக. பெர்க்மன் கடைசியாக இயக்கிய படம் அது.

'வின்டர் லைட்' பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 81 நிமிடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை நடக்கிற கதை. ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்டும் பெர்க்மனும் படப்பிடிப்புக்கு முன் தேவாலயங்களில் போய் உட்கார்ந்து, குளிர்கால வெளிச்சம் அந்த நேரத்தில் எப்படி மாறுகிறது என்று கவனித்திருக்கிறார்கள். அந்த உழைப்பு படத்தில் தெரிகிறது. நிழலே விழாத, சூரியன் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாத சாம்பல் வெளிச்சம். இதைத் தேய்ந்த பிரதியில் பார்த்தால் மங்கலான படம் என்றுதான் தோன்றும். இந்த டிஸ்க்கில் சாம்பல் நிறத்திலேயே பத்துப் பதினைந்து விதம் பிரிந்து தெரிகிறது. பாதிரியாரைக் காதலிக்கும் பள்ளி ஆசிரியை எழுதிய கடிதம் வருமே, அந்த இடம். ஆசிரியையாக நடித்த இங்கிரிட் துலின் கேமராவைப் பார்த்து அந்தக் கடிதத்தைச் சொல்கிறார். நடுவில் ஒரு சின்ன நினைவுக்காட்சியைத் தவிர முழுக்க அந்த முகம்தான். பல நிமிடம் கண்ணெடுக்க முடியாது. கெஞ்சலும் கோபமும் வெட்கமும் ஒரே முகத்தில் மாறி மாறி வருவதைப் பார்க்கவாவது நல்ல திரையில் ஒருமுறை இதைப் பார்த்துவிடுங்கள்.

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். பெரும்பாலும் ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார். ஒரு ஞாயிறு மத்தியானம் நான் 'ஆட்டம் சொனாட்டா' போட்டபோது கூட உட்கார்ந்தார். ஆங்கில சப்டைட்டிலை அந்த வேகத்துக்குப் படிக்க அவரால் முடியாது என்பதால் நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். உலகம் சுற்றும் பியானோ கலைஞரான தாய் பல வருடம் கழித்து மகள் வீட்டுக்கு வருகிறாள். இங்கிரிட் பெர்க்மன் தாய், லிவ் உல்மன் மகள். மகள், இசையமைப்பாளர் ஷோபானின் துண்டு ஒன்றைப் பியானோவில் வாசித்துக் காட்டுகிறாள். அப்புறம் தாய், இதை இப்படியா வாசிப்பது என்று விளக்கிவிட்டு அதையே தான் வாசிக்கிறாள். கேமரா விரல்களை விட்டுவிட்டு இரண்டு முகங்களையும் பிடித்துக்கொள்கிறது. நான் மொழிபெயர்ப்பதற்கு அங்கே வசனமே இல்லை. அம்மா என் கையைத் தொட்டு, "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருடி. அவ பாட்டைக் கேக்கல, அம்மாவையே பாத்துட்டிருக்கா" என்றார்.

அவ்வளவுதான் அந்தக் காட்சி. இதைவிடச் சரியாக நான் எங்கும் படித்ததில்லை. இரண்டு வாசிப்பையும் திரைக்குப் பின்னாலிருந்து வாசித்தவர் ஒரே ஆள், பெர்க்மனின் முன்னாள் மனைவியான பியானோ கலைஞர் கேபி லாரடெய். ஒரே கைகள் மகளாகவும் தாயாகவும் வாசித்திருக்கின்றன என்று அப்புறம் சொன்னபோது அம்மா அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். குழுவில் அன்றைக்கு நான் எழுதிய நாலு வரியும் அம்மா சொன்னதுதான்.

யாரும் அதிகம் பேசாத இரண்டு படங்களைப் பற்றியும் சொல்ல ஆசை. பெர்க்மன் குடியிருந்து, 2007-இல் காலமானதும் ஸ்வீடனின் ஃபோரோ தீவில்தான். அந்தத் தீவைப் பற்றி 1969-லும் 1979-லும் அவர் எடுத்த ஆவணப்படங்கள். ஆடு மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரிடமும் பேசுகிறார். இளையவர்களிடம் இங்கேயே இருப்பீர்களா, ஊரைவிட்டுப் போய்விடுவீர்களா என்று கேட்கிறார். இரண்டையும் நான் அடுத்தடுத்துப் பார்த்தேன். கிராமத்திலிருந்து பிழைப்புக்காகக் கிளம்பி வந்த யாருக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. முகத்தையும் மனசையும் குடைந்து படம் எடுத்த ஒருவர், தன் அக்கம்பக்கத்தாரின் வேலையை இவ்வளவு மரியாதையோடு பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இந்த மாதத்தின் பெரிய ஆச்சரியம்.

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். 'ஆல் தீஸ் விமன்' அவருடைய முதல் வண்ணப்படம், நகைச்சுவை என்ற பெயரில் இழுக்கிறது. 'தி சர்பென்ட்ஸ் எக்' 1920-களின் பெர்லினை அருமையாகக் கட்டியெழுப்பிவிட்டு, உள்ளே உயிரில்லாமல் நிற்கிறது. சவால் என்பதால் கடைசிவரை பார்த்தேன். சில படங்கள் பெட்டியில் இல்லாததும் குறைதான். முக்கியமாக 1976-இல் வந்த 'ஃபேஸ் டு ஃபேஸ்'. லிவ் உல்மன் நடித்த பெரிய படம், இந்த வரிசையில் அதற்கு ஒரு ராத்திரி கிடைத்திருக்க வேண்டும்.

டிஸ்க்குகளைத் தனித்தனி டப்பாவில் வைக்காமல், ஆல்பம் மாதிரி தடித்த அட்டைப் பக்கங்களில் சொருகியிருக்கிறார்கள். பார்க்க அழகு, எடுக்கும்போது நிதானம் வேண்டும். ஓரத்தை மட்டும் பிடித்து மெதுவாக இழுங்கள். புத்தகம் உண்மையிலேயே உதவுகிறது, படம் பார்த்த பிறகு அந்தப் படத்துக்கான கட்டுரையைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 2003-இல் பெர்க்மனே உட்கார்ந்து பேசிய சின்ன அறிமுகங்கள் சில படங்களோடு இருக்கின்றன. எண்பத்தைந்து வயதுக் கிழவர் தன் படத்தைப் பற்றிக் குறும்பாகப் பேசுவதைத் தவறவிடாதீர்கள்.

இதை வைத்து மாத சவால் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. 'ஹவர் ஆஃப் தி வுல்ஃப்', 'ஷேம்' இரண்டையும் ஒரே ராத்திரி பார்க்காதீர்கள். இரண்டுமே 1968-இல் வந்தவை, இரண்டிலும் உல்மனும் மாக்ஸ் வான் சிடோவும்தான், தொடர்ந்து பார்த்தால் மறுநாள் ஆபீசில் உட்கார முடியாது. கனமான படத்துக்கு மறுநாள் 'தி மேஜிக் ஃப்ளூட்' மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மொசார்ட் இசையில் மனசு லேசாகிவிடும். நிறைவு இரவான 'ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்' படத்துக்கு ஒரு வாரயிறுதியை முழுசாக ஒதுக்கிவிடுங்கள். நாலு ஆஸ்கர் வாங்கிய மூன்று மணி நேர வடிவமும் இருக்கிறது, ஐந்து மணி நேரத் தொலைக்காட்சி வடிவமும் இருக்கிறது. நீளமானதுதான் என் ஓட்டு. அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, வேலைக்காரிகள், பிள்ளைகள் எல்லாரும் கைகோத்து அறை அறையாக ஆடிப்போகும் இடம் அதில் நிதானமாக வருகிறது. பின்னால் பிஷப் வீட்டு வேலைக்காரி யுஸ்தினாவாக வருவது நம்ம ஹாரியட் ஆண்டர்சன், மறக்காமல் பாருங்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் வாங்கும் முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ப்ளூ-ரே டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதை ரீஜன் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், இந்த டிஸ்க்குகள் ரீஜன் ஏ. நம் ஊர் ப்ளூ-ரே பிளேயர்கள் ரீஜன் சி, அதில் ஓடாது. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் அந்தத் தொல்லை இல்லை, அங்கே ரீஜன் ஏ-தான். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களோடு பார்ப்பதாக இருந்தால் 'ஆட்டம் சொனாட்டா'வில் ஆரம்பியுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.