கோடையில் மட்டும் சாகும் கணினி

ரைசன் 5 5600 செயலி, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, பி550 மதர்போர்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), 8 ஜிபி ரேம் இரண்டு. இந்தப் பட்டியலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1080பி திரையில் இன்றைக்கும் போதுமான கணினி. செயலி 65 வாட்தான்; பெட்டியோடு வந்த விசிறியே அதற்குப் போதும். கிராபிக்ஸ் கார்டு ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. நான் எழுத உட்கார்ந்தது ரேமைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும், வேகத்தைச் சொல்லும் 3600 என்ற எண்ணைப் பற்றி.

சென்னையில் மழைக்காலத்தில் பாகங்களை வாங்கி நானே பூட்டினேன். மார்கழி, தை இரண்டும் நிம்மதியாகப் போயின. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. சைபர்பங்க் 2077 ஓடிக்கொண்டிருக்கும்போது திரை ஒரு நொடி உறையும், பிறகு கணினி தானாக மறுதொடக்கம் ஆகும். சில நாள் விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்கும். சில நாள், பிழையின் பெயரைக் காட்டிவிட்டு விண்டோஸ் நின்றுபோகும் நீலத்திரை. வேலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டில் ஒன்றுமே ஆகாது. இரவு பத்து மணிக்கு மேல் எதிலுமே ஒன்றும் ஆகாது. அக்கினி நட்சத்திர நாட்களில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஏசி இல்லாத கூடத்தில், பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் அதிகம்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பில் ஒரு வரி. அது சொல்வது இவ்வளவுதான்: கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியிருக்கிறது. எதனால் செத்தார் என்று கேட்டால், செத்துவிட்டார் என்று சான்றிதழ் எழுதித் தருவதைப் போன்ற வேலை. இந்த வரியைப் பார்த்துவிட்டு ‘பவர்’ என்று இருப்பதால் எஸ்எம்பிஎஸ்தான் கெட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கியவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். மின்சாரம் போனாலும் இதே 41தான், பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் இதே 41தான்.

கடையில் கேட்டேன். “விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள் சார்” என்றார்கள். எந்தக் கேள்விக்கும் அங்கே பதில் அதுதான். போட்டேன். கணினி செத்துக்கொண்டேதான் இருந்தது.

மின்சாரத்தைச் சந்தேகிப்பதில் தவறில்லை, நம் வீடுகளின் லட்சணம் அப்படி. கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறும் வீடுகள் எத்தனையோ. எர்த் கம்பி சுவருக்குள்ளேயே எங்கோ முடிந்துபோயிருக்கும். யூபிஎஸ் விஷயமும் உண்டு. விலை குறைந்த யூபிஎஸ்கள் தருவது முழுமையான சைன் அலை அல்ல, படிக்கட்டுப் படிக்கட்டான போலி அலை. இப்போதைய எஸ்எம்பிஎஸ்களில் மின்சாரத்தைச் சீராக இழுப்பதற்காக இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றுக்குச் சில சமயம் அது ஒத்துக்கொள்ளாது. மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் கணத்தில் கணினி அணைந்துவிடும். ஆனால் என் கணினி சாகும்போதெல்லாம் மின்விசிறி சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. எர்த் சரியாக இருந்தது. விளையாடும்போது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் 12 வோல்ட் இணைப்பு, விதிமுறை அனுமதிக்கும் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் அசையாமல் நின்றது. எஸ்எம்பிஎஸ் குற்றவாளி இல்லை.

வழி காட்டியது நீலத்திரைதான். ஒரு முறை ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றது. அடுத்த முறை ‘ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்’. அதற்கடுத்து வேறொன்று. ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னால் ரேமைப் பார்க்க வேண்டும். அதே வாரம் ஒரு பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தபோது சிஆர்சி பிழை, அதாவது தரவு சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகவில்லை, என்று நின்றது; இரவில் அதே கோப்பு ஒழுங்காகப் பிரிந்தது. வட்டில் கோப்பு கெடவில்லை, போகும் வழியில் கெட்டிருக்கிறது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவெல்லாம் ஓடவிட்டேன். காலையில் பச்சை எழுத்தில் ‘பாஸ்’.

இந்த இடத்தில்தான் பலரும் ரேமை விடுதலை செய்துவிட்டு மதர்போர்டைக் கழற்றத் தொடங்குகிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். மெம்டெஸ்ட் யுஎஸ்பியிலிருந்து தனியாக ஓடுவது. அப்போது விண்டோஸ் இல்லை, விளையாட்டு இல்லை, கிராபிக்ஸ் கார்டு தூங்குகிறது. 170 வாட் வரை இழுக்கக்கூடிய அந்த கார்டு விழித்துக்கொண்டால் அத்தனை வெப்பத்தையும் கேபினட்டுக்குள்ளேயே கொட்டும். சூடான காற்று மேலே ஏறும். மேலே நிற்பது ரேம். முன்பக்கம் கண்ணாடி வைத்த அழகான கேபினட் என்றால் புதுக்காற்று நுழைய வழியும் குறைவு. பக்கக் கதவைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். கணினி சாவது அத்தோடு நின்றது. (அப்படியே திறந்து வைத்து ஓட்டலாமே என்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் பல்லிகள் உண்டு.)

புதிய தலைமுறையான டிடிஆர்5 ரேம்களில் பொதுவாக வெப்ப உணரி இருக்கும். அதற்கு முந்தைய டிடிஆர்4-இல் பலவற்றில் கிடையாது, என்னுடையதிலும் இல்லை. மல்டிமீட்டரோடு வந்த, வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை ரேமின் தகட்டில் ஒட்டினேன். ஒரு ஜன்னலில் விண்டோஸுக்குள்ளேயே ரேமைச் சோதிக்கும் டெஸ்ட்மெம்5, இன்னொன்றில் கார்டைக் காய்ச்ச ஃபர்மார்க். ஐம்பது டிகிரியைத் தாண்டி ஏற ஏறப் பிழைகள் வரிசையாக விழுந்தன. ஃபர்மார்க்கை நிறுத்தி ஆறவிட்டால் பிழை இல்லை. மறுபடி காய்ச்சினால் மறுபடி பிழை. இத்தனை நாள் என்னை ஆட்டிவைத்த பேயை நானே வரவழைத்து நானே அனுப்ப முடிந்தபோது உண்மையில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச்சிறிய கெபாசிட்டரில் மின்னூட்டமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி நொடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு சுற்று புதுப்பித்தாக வேண்டும். சூடு கூடினால் கசிவும் கூடும். சாதாரண வேகத்தில் இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். டிடிஆர்4-இன் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், 3600-ஐ எட்ட 1.35 வோல்ட் ஏற்றி, நேர இடைவெளிகளையும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். விட்டு வைத்திருந்த இடம் அங்கே கரைந்துவிடுகிறது. மீதியைச் சென்னை வெயில் பார்த்துக்கொள்கிறது.

ரேமை வாரன்டிக்கு அனுப்பினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மரியாதையாகப் பேசினார்கள், சொன்ன நாளில் திருப்பியும் அனுப்பினார்கள். கூடவே ஒரு தாள்: சோதித்தோம், குறை எதுவும் இல்லை. பொய் இல்லை என்றே நம்புகிறேன். சேவை மையத்தில் ஏசி ஓடும், திறந்த மேசையில் மதர்போர்டை வைத்துச் சோதிப்பார்கள், பக்கத்தில் காயும் கார்டு இருக்காது. 3600 கிடைப்பது மதர்போர்டையும் செயலியையும் பொறுத்தது என்று பெட்டியின் பின்னால் எறும்பு எழுத்தில் அச்சிட்டும் இருக்கிறார்கள். செயலி நிறுவனத்தைக் கேட்டால் 5600-க்கு அவர்கள் அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம் 3200தான், அதற்கு மேல் உங்கள் பாடு. மதர்போர்டுக்காரர்கள் பரிசோதித்த ரேம்களின் பட்டியலில் என் ரேம் இருக்கிறது, ஆகவே அவர்களும் சரி. ஒவ்வொருவரும் அவரவர் அறையில் சரி. என் கூடத்தில் நடப்பதற்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. பூட்டி விற்கும் கணினியில் குறையென்றால் பெட்டியோடு தூக்கிப் போய் ஒருவர் மேசையில் வைக்கலாம். நாமே பூட்டினால் அந்த ஒருவர் நாம்தான்.

ரைசன் 5000 வரிசைக்கு 3600 பொருத்தம் என்று யூடியூபில் எல்லோரும் சொன்னார்கள். காரணமும் உண்டு, செயலியின் உள் இணைப்பு 1800 மெகாஹெர்ட்ஸில் ரேமோடு சரிசமமாக ஓடும் (ஒரு துடிப்புக்கு இரு முறை தரவு அனுப்புவதால் 3600 ரேமின் உண்மையான துடிப்பும் 1800தான்). ஆனால் இப்போது பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) 3200 ஆக்கிவிட்டேன். தெர்மோகப்பிள் அதே ஐம்பத்துச் சொச்சம் காட்டினாலும் பிழை இல்லை. என் கார்டுக்கு ஃபிரேம் கணக்கில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் கூடுதல் எரிச்சல். எந்தப் பயனும் தராத ஒரு எண்ணுக்குக் கூடுதலாகக் காசு கொடுத்து, ஒரு கோடைகாலத்தையும் கொடுத்திருக்கிறேன்.

சித்தி மகன் கல்லூரி சேர்ந்திருக்கிறான். “அண்ணா, நீங்கள் வாங்கிய பட்டியலையே நானும் வாங்கிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டிருந்தான். வாங்கிக்கொள், தம்பி. கேபினட்டை மட்டும் முன்பக்கம் வலை வைத்ததாகப் பார். ரேம் அதே நிறுவனம்தான், இவ்வளவு திட்டிய பிறகும். 3200 என்று எழுதியதை எடு, அது இன்னும் மலிவு. வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட் போதுமென்று விட்டுவிடாதே, கார்டையும் சேர்த்துக் காய்ச்சிப் பார், அதுவும் பிற்பகலில். மாற்றிக்கொள்ளும் நாட்கள் கடையில் ஒரு வாரம்கூடத் தருவதில்லை.

இதை மார்கழிக் குளிரில் எழுதுகிறேன் என்பதையும் அவன் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் கேட்டிருந்தால் மடிக்கணினி வாங்கு என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.