தீக்காய முதலுதவிப் பெட்டி: எதுவரைக்கும் உதவும்?

மூடியில் ‘எல்லாத் தீக்காயங்களுக்கும்’ என்று போட்டிருக்கிறது. உள்ளே 25 கிராம் சில்வர் சல்ஃபடயசின் என்ற கிருமிகொல்லிக் களிம்பு, 10 சென்ரிமீற்றர் கோஸ் துண்டு ஐந்து, பஞ்சு, சுற்றுத்துணி, பிளாஸ்டர். அடுப்படியில் விரல் சுட்டதற்கு இது தாராளம். அதற்குமேல் நம்பி வாங்க வேண்டாம்.

வளர்ந்த ஒருவர் தப்புவதைத் தீர்மானிப்பவை எரிந்த பரப்பு, வயது, புகை மூச்சுக்குள் போனதா என்பவை. காயப்பட்டவரின் விரல்களோடு சேர்த்த உள்ளங்கை உடலில் ஏறத்தாழ 1 சதவீதம். ஒரு கை 9, ஒரு கால் 18, நெஞ்சும் வயிறும் 18. வெறுமனே சிவந்த தோலைக் கணக்கெடுப்பதில்லை. போத்தில் விளக்கு சரிந்து சட்டை பற்றினால் முன்பக்கமும் ஒரு கையும் சேர்ந்து 27 ஆகிவிடும். அதற்கு ஐந்து கோஸ் எந்த மூலைக்கு?

தப்பும் வாய்ப்பைக் கணிக்க வைத்தியர்கள் வயதையும் எரிந்த சதவீதத்தையும் கூட்டுவார்கள்; கூட்டுத்தொகை ஏற ஏற ஆபத்து. மூச்சுப்பாதை சுட்டிருந்தால் இன்னும் 17. முப்பது வயதுக்காரருக்கு 30 சதவீதமென்றால் 60. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அதே காயம் 95, புகையும் சேர்ந்தால் 112. வசதியுள்ள தீக்காயப் பிரிவிலேயே 130ஐ ஒட்டினால் பாதிப்பேர்தான் மிஞ்சுவார்கள். குரல் கரகரத்தால், மூக்குமயிர் கருகியிருந்தால், சளியில் கரி தெரிந்தால் காயம் சிறிதென்றாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

பெரிய காயத்தில் முதலில் ஆளைக் கொல்வது நீரிழப்பு. ஒரு கிலோ எடைக்கும் எரிந்த ஒரு சதவீதத்துக்கும் 4 மில்லிலீற்றர் என்று முதல் நாளுக்குக் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 30 சதவீதமென்றால் 4 × 70 × 30, அதாவது நாளத்தில் ஏற்றும் ஹாட்மன் சேலைன் 8,400 மில்லிலீற்றர். பாதி முதல் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டும், அதுவும் சுட்ட நேரத்திலிருந்து கணக்கு. ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமத்தில் வாகனம் தேடி இரண்டு மணித்தியாலம் போனால் மிச்சம் ஆறுதான். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் இலவசம். முதல் வேலையாக அழையுங்கள்.

பெட்டியில் பிழையானவையும் உண்டு. களிம்பின் வெள்ளைப் படலம் காயத்தின் ஆழத்தை மறைக்கும், வைத்தியர் கழுவித்தான் பார்க்க வேண்டிவரும். பஞ்சு ஒட்டிக்கொள்ளும். சுற்றுத்துணியை இறுக்கினால் கை வீங்கும்போது இரத்தோட்டம் தடைப்படும்.

கிணற்றுத் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுவது இந்தப் பெட்டி முழுவதையும்விட மேல். மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பலனுண்டு. பெரிய காயமென்றால் மற்ற உடம்பைப் போர்த்திவிடுங்கள், குளிர் பிடித்தால் ஆபத்து. மோதிரம், காப்பை வீங்குமுன் கழற்றுங்கள். ஐஸ், பற்பசை வேண்டவே வேண்டாம். பிறகு கிளிங் ராப்பை (சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றாமல் காயத்தின் மேலே விரித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் துவைத்த சுத்தமான வெள்ளை வேட்டி. ஒரு கிளிங் ராப் சுருளும் நல்ல கத்தரிக்கோலும் தனியே வாங்கினால் பெட்டியே தேவையில்லை.